நாத்தனார் முடிச்சு

முதுகில் நாடா நழுவுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று செண்பகவல்லி தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்துக்குக் கீழே இரண்டு பட்டு நாடாக்களைச் சேர்த்துக் கட்டுகிற மாதிரி ரவிக்கை தைக்கச் சொன்னபோது தையற்காரர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், மகளுக்கா அம்மா என்று கேட்டார், எனக்குத்தான் என்றாள், அதற்குப் பிறகு அவர் டேப்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதுகில் நாடா வைக்கக் கூடாது என்று எந்த ஊர்ச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. வைத்ததில் தப்பே இல்லை. ஆனால் தனியாக இருக்கிற ஒருத்தி தன் முதுகில் தானே முடிச்சுப் போட முடியாது என்பதை அவளும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. காலையில் குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பி, கையைப் பின்னால் வளைத்து, தோள்பட்டை பிடித்துக்கொள்ளும் போல ஆகி, கடைசியில் எப்படியோ ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு கிளம்பியாயிற்று. கட்டப்போகிற சேலையை இந்த ரவிக்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இப்போது ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தெய்வானை, அம்பாசமுத்திரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சேலைகளைப் பார்க்கிற மாதிரியும் இருக்கிறாள், பார்க்காத மாதிரியும் இருக்கிறாள்.

தெய்வானை சங்கரலிங்கத்தின் தங்கை, ஒரே தங்கை. சங்கரலிங்கம் செண்பகவல்லியின் கணவர், போய்ச் சேர்ந்து பதினாறு வருஷமாகிறது. இனிமேல் அவரை எப்படிச் சொல்வது, முதல் கணவர் என்றா, பழைய கணவர் என்றா, பழைய வீடு பழைய ஸ்கூட்டர் என்கிற மாதிரி இருக்கிறது, அவர் சங்கரலிங்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அவருக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. அவருக்கு எதில்தான் ஆட்சேபம் இருந்தது. இந்தக் கல்யாணத்தைக்கூட, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குச் சீட்டாடத் தெரியுமா என்றுதான் கேட்டிருப்பார். அவரைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. ஊரைப் பற்றி எப்போதும் இருந்ததில்லை. பயமெல்லாம் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தத் தெய்வானையிடம்தான். கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், ஆவணியில் என் கழுத்தில் நாத்தனார் முடிச்சை நீ வந்து போடுவாயா. இவ்வளவுதான். அதற்குத்தான் சேலை எடுக்கிற சாக்கில் வரச் சொன்னாள். பஸ் நிலையத்தில் இறங்கியதும் கேட்கலாம் என்றிருந்தாள், அங்கே சத்தம். ஆட்டோவில் கேட்கலாம் என்றிருந்தாள், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். லிஃப்டில் கேட்டிருக்கலாம், ஆனால் லிஃப்டில் யாராவது இப்படி ஒன்றைக் கேட்பார்களா.

“பொண்ணுக்காக்கா, மருமகளுக்காக்கா?” என்று கடைப்பையன் கேட்டான். பையன் என்பது அந்தக் கடை வழக்கம், அவனுக்கு நாற்பது வயது இருக்கும், காதோரம் நரைத்திருந்தது. கேட்டுக்கொண்டே ஒரு அரக்குச் சேலையை வீசி விரித்தான், அதன் மேல் இன்னொரு அரக்கு, அதன் மேல் கொஞ்சம் வெளிறிய அரக்கு. “முகூர்த்தப் பட்டுன்னா இதாங்க்கா. அரக்குல கட்டுனாத்தான் பொண்ணு பொண்ணா இருக்கும்.” செண்பகவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். தெய்வானை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. “குருத்துப் பச்சை இருக்கா?” என்றாள் செண்பகவல்லி. “வாழை இலை விரியுறதுக்கு முன்னால சுருட்டிக்கிட்டு நிக்கும்லா, அந்தப் பச்சை. ஜரிகை வேண்டாம், கரையில மட்டும் மெல்லிசா ஒரு நூல் ஓடணும்.” கடைப்பையன் சேலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். “அக்கா, நீங்க ரேடியோல பேசுவீங்கள்லா? காலைல வயலும் வானிலையும் சொல்லுவீங்க. எங்கம்மா உங்க குரலக் கேட்டுத்தான் உலை வைப்பாங்க.” அவள் சிரித்தாள். இது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடப்பதுதான், மீன் வாங்கும்போது, ரயில் டிக்கெட் எடுக்கும்போது. முகம் யாருக்கும் தெரியாது, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். முப்பது வருஷம் வானொலி அறிவிப்பாளராக இருந்தவள், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் மூச்சுவிடுகிற இடத்தைக்கூட அளந்து விட்டவள். ஒரு ஒலிநாடா அறுந்தாலும் ஒரு விருந்தினர் வாயடைத்துப் போனாலும் அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருக்கும். மௌனத்தை ஒலிபரப்பக் கூடாது, அதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அவளுக்கு இன்று ஒரே ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

குருத்துப் பச்சை தேடப் போனான். போகட்டும், இருக்கும், இருந்தே ஆக வேண்டும். அவளுக்கு இந்தக் கல்யாணம் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிட்டது, ஒரு நிகழ்ச்சியை ஒலிப்பதிவுக்கு முன்னாலேயே காதால் கேட்டுவிடுகிற மாதிரி. மண்டபம் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு தோட்டம், டாக்டருடைய சிநேகிதரின் தென்னந்தோப்பு, காலை வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மேடை கிடையாது, அதில் போடுகிற ராஜா ராணி நாற்காலி கிடையவே கிடையாது. மைக் கிடையாது. ஆயுள் முழுக்க மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவள் கல்யாணத்தில் மைக் இல்லையா என்று மகள் நிவேதா பெங்களூரிலிருந்து கேட்டாள், அதனால்தான் இல்லை என்றாள். ட்ரோன் என்று ஏதோ பறக்கவிட்டுப் படம் எடுப்பார்களாம், தென்னை மட்டையில் மாட்டிக்கொள்ளும், வேண்டாம் என்று தள்ளியாயிற்று. நாகஸ்வரம் ஒன்று, தவில் ஒன்று, சினிமாப் பாட்டு வாசித்தால் பாதியில் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். பத்திரிகையில் நாங்கள் இருவரும் அழைக்கிறோம் என்று இரண்டு பேர் பெயர் மட்டும். பெரியவங்க பேர் போடாம எப்படிம்மா என்று அச்சகத்தில் கேட்டார்கள், நாங்கதான் பெரியவங்க என்றாள். சாப்பாடு சொதி. அதில்தான் சமையற்காரர் மயங்கி விழாத குறை. சொதி மறுவீட்டுக்குப் போடுகிறதில்லையா அம்மா, கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பொண்ணு வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடுகிறதல்லவா, முகூர்த்தத்தன்றே சொதி போட்டால் ஊரில் என்னைச் சிரிப்பார்களே என்றார். மறுவீடு எங்கே இருக்கிறது ஐயா, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு, நாங்களே பொண்ணு வீடு, நாங்களே மாப்பிள்ளை வீடு, தேங்காய்ப் பாலை முதல் பால் இரண்டாம் பால் மூன்றாம் பால் என்று ஒழுங்காக எடுங்கள், இஞ்சிப் பச்சடியைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். இருபத்து மூன்று வயதில் நடந்த கல்யாணத்தில் அவள் விருப்பம் என்று ஒன்றுகூட இல்லை, யாரும் கேட்கவுமில்லை, கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது. அரக்குச் சேலையில் ஊறுகாய் ஜாடி மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை சேலை முதல் சொதி வரை தன் கல்யாணமாக இருக்க வேண்டும், தன் கையெழுத்து போல அதைப் பார்த்தாலே இன்னார் கல்யாணம் என்று தெரிய வேண்டும்.

டாக்டர் என்றால் நம்பிராஜன், மாட்டு டாக்டர், ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது வரை கல்யாணமே செய்துகொள்ளாதவர், ஏன் என்று கேட்டால் ராத்திரியெல்லாம் யார் வீட்டு மாடாவது கன்று போட்டுக்கொண்டிருந்தது என்பார். கோமாரி நோய் பற்றிப் பேச ஒரு முறை வானொலி நிலையத்துக்கு வந்தவர் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டார். செண்பகவல்லி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு மாட்டுக்குக் காய்ச்சல் டாக்டர், என்ன செய்யலாம் என்று சும்மா கேட்டாள், மடைதிறந்த மாதிரி பேசினார், எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அவளிடம் மாடு கிடையாது என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தபோது ஒரு நாள் முழுவதும் கோபித்துக்கொண்டார். இன்னும் இருவரும் ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாலியெல்லாம் எதற்கு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று அவர்தான் முதலில் கேட்டார், கேட்கிற மாதிரி கேட்டார், வற்புறுத்தவில்லை. கையெழுத்தும் போடலாம், தாலியும் கட்டுங்கள் டாக்டர், மஞ்சள் கயிறு, தங்கச் சங்கிலி வேண்டாம் என்றாள். சரி, ஆனால் ஒரு சிக்கல், முதல் முடிச்சுதானே நான் போடுவேன், மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி அல்லவா போடணும், எனக்குத் தங்கையும் இல்லை அக்காவும் இல்லை, இருக்கிற ஒரே தம்பியும் பம்பாயில் மீசை வைத்துக்கொண்டு இருக்கிறான் என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள்தான் விளையாடாமல், எனக்கு ஒரு நாத்தனார் இருக்கிறாள், அவள் போடுவாள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தாலி எதற்கு என்ற கேள்விக்குத் தன்னிடம் இருந்த பதில் என்ன என்று அவளுக்கே புரிந்தது. கயிறும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். தெய்வானையின் கை வேண்டும். பின்னங்கழுத்தில் அந்தக் கை வந்து ஒரு தடவை ஒழுங்காக முடிச்சுப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்காகவே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம் போல இருந்தது.

ஏனென்றால் முதல் தடவை அது ரிப்பன் முடிச்சு. தெய்வானைக்கு அப்போது பன்னிரண்டு வயது, பட்டுப் பாவாடை, இரட்டைச் சடை, நாத்தனார் என்ற பெரிய பதவி. சங்கரலிங்கம் ஒரு முடிச்சுப் போட்டு விலகினார். தெய்வானை வந்தாள், பின்னங்கழுத்தில் சின்ன விரல்கள், வியர்த்திருந்தன, சில்லென்று பட்டன, கெட்டிமேளம் காதைப் பிளந்தது, யாரோ சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். அவளுக்கு முடிச்சு என்றால் ஒன்றுதான் தெரியும், தினமும் பள்ளிக்கூடம் போகும்போது சடையில் போடுகிற பூ முடிச்சு, இரண்டு காது வைத்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி. அண்ணன் போட்டிருந்த முடிச்சு அழகாக இல்லை என்று அதையும் அவிழ்த்துவிட்டு, தாலிக்கயிற்றில் அழகாக ஒரு பூ முடிச்சுப் போட்டு, காதுகளைச் சரிபார்த்து விட்டுப் போனாள். பந்தியில் செண்பகவல்லி பாயசத்துக்குக் குனிந்தபோது தாலி கயிறோடு நழுவி இலையில் இருந்த பாயசத்தில் விழுந்தது. அந்தப் பந்தியில் அப்போது இருந்த அமைதியை இன்றும் அவளால் கேட்க முடியும். சங்கரலிங்கம் தாலியை எடுத்து டம்ளர் தண்ணீரில் அலம்பி, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கி, தானே மூன்று முடிச்சும் போட்டார், அவர் தோள் குலுங்கியது அவள் தோளில் தெரிந்தது, அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதுப்பொண்ணு சிரிக்கிறாளே என்றார்கள். பெரியத்தை ஒருத்தி மட்டும், பிள்ளை கை ராசி இல்லை, நல்லதுக்கில்லை என்றாள். அந்த வார்த்தையைச் செண்பகவல்லி அன்றே மறந்துவிட்டாள். சிரிப்பு மறக்கவில்லை. கல்யாண நாள் வந்தால் போதும், சங்கரலிங்கம் எங்கிருந்தாவது ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து அவள் கொண்டையில் பூ முடிச்சுப் போட்டுவிட்டு, இது நம்ம வீட்டு முடிச்சு என்பார். அலுவலகத்துக்கே அதோடு போயிருக்கிறாள்.

பத்தொன்பது வருஷம். அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலோடு சரி. பெரியத்தை அப்போதும் உயிரோடு இருந்தாள், பத்தாம் நாள் வந்தாள், கூடத்தில் உட்கார்ந்து கொண்டு, அன்னைக்கே விழுந்த தாலிதானே என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது, அடுக்களை வாசலில் சொம்போடு நின்ற தெய்வானை கேட்டுவிட்டாள். செண்பகவல்லி தற்செயலாக நிமிர்ந்தபோது தெய்வானை சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையைத் திருப்பி. அன்றைக்குத் துக்கத்தில் அதற்கு அர்த்தம் பிடிபடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிச்சிப்பூவை நெருக்கமாகக் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, கடையில் கட்டின பூ வாங்க ஆரம்பித்தாள். நிவேதாவின் குழந்தைக்குத் தொட்டில் கட்ட அத்தையைக் கூப்பிட்டால், கை நடுங்குது நீங்களே கெட்டுங்க என்று சேலையை நீட்டினாள், நடுங்காத கையால் நீட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம், தெய்வானை, அது உன்னால் இல்லை என்று. சொல்லியிருக்கலாம்தான், ஆனால் எப்படிச் சொல்வது, உன்னால் இல்லை என்று சொன்னால் உன்னால்தான் என்று ஒரு பேச்சு இருந்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா, ஒருவேளை அவள் அப்படி நினைக்கவே இல்லாவிட்டால், இல்லாத முள்ளை நாமே குத்தின மாதிரி. அதை இதை நினைத்துப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. மௌனத்தை ஒலிபரப்பக் கூடாது என்று பிறருக்குப் பாடம் நடத்தியவள் ஒரே ஒருத்தியிடம் இவ்வளவு நீளமாக அதைத்தான் ஒலிபரப்பியிருக்கிறாள்.

நாடா இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஏசி காற்று முதுகில் சில்லென்று படுகிறது. வெளியே ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருக்கும், கடைக்குள் இருந்தால் வெயிலும் தெரியாது மழையும் தெரியாது. ஆடி பிறப்பதற்குள் சேலை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னதே தெய்வானைதான், அதுவும் நல்ல அடையாளம் இல்லையா. அப்படி ஒன்றும் இல்லை, ஆடியில் புதுத்துணி எடுக்கக் கூடாது என்பது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி, யார் எடுத்தாலும் சொல்லுவாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று முதலில் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று செண்பகவல்லிக்குக் கணக்கு உண்டு, தொழில் பழக்கம், ஆனால் அன்று கணக்குத் தவறிவிட்டது. பிறகு தெய்வானை, “சாப்டாச்சா மதினி?” என்று கேட்டாள். அதற்கு என்ன பொருள். எங்கண்ணனை இவ்வளவுதான் நினைத்தீர்களா என்று பொருளா. நல்லா இருங்க என்று பொருளா. சாப்டாச்சா என்று மட்டும் பொருளா. இன்றைக்கு நாத்தனார் முடிச்சு என்று கேட்டால், அண்ணன் கட்டின இடத்தில் வேறொருத்தர் கட்டுவதற்கு நான் வந்து முடிச்சுப் போடணுமா என்று கேட்டுவிட்டால். வரமாட்டேன் என்றால் கல்யாணம் நடக்கும், தோப்பு இருக்கும், நாகஸ்வரம் இருக்கும், சொதி கொதிக்கும், யாராவது ஒருத்தி வந்து இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவாள். நடக்கும். ஆனால் அது அவள் மனதில் கேட்ட கல்யாணம் இல்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, மூன்று எண்ணுவதற்குள், ஒலிபரப்பில் எண்ணுவோமே அது மாதிரி. தெய்வானை, ஒரு விஷயம். சீ, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் எதிராளி பயந்துவிடுவாள். தெய்வானை, ஞாபகம் இருக்கிறதா. அது இன்னும் மோசம்.

“கெடைச்சிருச்சுக்கா” என்று கடைப்பையன் வந்தான். ஒரே ஒரு சேலை, பெட்டியில்கூட இல்லாமல், உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தான். விரித்தான். அதேதான். விரியாத வாழைக்குருத்தில் முதல் வெயில் பட்ட மாதிரி பச்சை, கரையில் மெல்லிய மாம்பழ நிற நூல், ஜரிகை மருந்துக்கும் இல்லை. செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது, ஒரு சேலைக்குப் போய். தெய்வானை கைப்பையை விட்டாள். சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் எடுத்து, தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். இவ்வளவு நேரத்தில் அவள் தொட்ட முதல் சேலை அது.

“ஆனாக்கா, சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க” என்றான் கடைப்பையன். “சின்ன வயசுப் பொண்ணுக்கு இது எடுபடாது. பொண்ணு மாநிறமா, செவப்பா? பொண்ணக் கூட்டிட்டு வந்துருக்கலாம்லா.”

செண்பகவல்லி வாயெடுப்பதற்கு முன்னால் தெய்வானை பேசினாள். “பொண்ணு இங்கதான இருக்கு.” கையால் காட்டினாள், பக்கவாட்டில், சேலையை விடாமல். “எங்க மதினிதான் பொண்ணு. எழுந்திரிங்க மதினி, மேல வச்சுப் பாப்போம்.”

கடைப்பையன் காது வரை சிரித்து, “ரேடியோ அக்காவுக்கா, எங்கம்மாட்டச் சொல்லணும்” என்று கண்ணாடியைச் சாய்த்து வைத்தான். செண்பகவல்லி எழுந்தாள். முழங்கால் ஒரு சத்தம் கொடுத்தது. சேலையை அவன் மடிப்பெடுத்துத் தோளில் போட, அவள் கையைத் தூக்க, அந்த நேரம் பார்த்து நாடா முழுசாக அவிழ்ந்தது. ரவிக்கை தோளில் தொங்கியது. முன்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கடைப்பையன் மரியாதையாகத் திரும்பிக்கொண்டு, “ஏ, யாராச்சும் லேடீஸ் வாங்க” என்று கூப்பிட்டான். அந்தப் பக்கம் ஒரு பெண் கையிலிருந்த சேலையைப் போட்டுவிட்டு வரத் தொடங்கினாள். அவள் வருவதற்குள் செண்பகவல்லி சொன்னாள், தயார் செய்து வைத்திருந்த எந்த வாக்கியமும் இல்லை அது. “தெய்வானை, நீ கெட்டி விடு.”

கண்ணாடியில் தெய்வானையின் முகம் அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. “என் கையாலயா மதினி?” என்றாள்.

சிவப்பு விளக்கு எரிகிற நேரம். ஏதாவது சொல்லி நிரப்பலாம், ஆயிரம் வார்த்தை நாக்கில் நின்றது. செண்பகவல்லி நிரப்பவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். வந்த பெண் வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பின்னங்கழுத்தில் இரண்டு விரல்கள் பட்டன, வியர்த்திருந்தன, சில்லென்று இருந்தன. நாடா இழுபட்டது. ஒன்று. மறுபடி இழுபட்டது, இந்தத் தடவை அழுத்தமாக, மூச்சு முட்டுகிற மாதிரி. இரண்டு.

“அன்னைக்கும் இப்பிடிக் கெட்டிருக்கணும்” என்றாள் தெய்வானை. குரல் மிக மெல்லியதாக வந்தது. “எனக்குத் தெரியல மதினி. ரிப்பன்தான் தெரியும்.”

“ஒங்கண்ணன் சாகுற வரைக்கும் வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு எனக்கு ரிப்பன் கெட்டிவிட்டாங்க. செவப்பு ரிப்பன். ஒங்க தங்கச்சி முடிச்சுன்னு கேலி பண்ணுவேன். நம்ம வீட்டு முடிச்சுன்னு சொல்லுவாங்க. அந்த ஒரு முடிச்ச வச்சு நாங்க பத்தொம்போது வருஷம் சிரிச்சிருக்கோம்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லியே.”

“சொல்லியிருக்கணும். மத்ததெல்லாம் ஊருக்கே கேக்கப் பேசினேன், இதை ஒனக்குச் சொல்லல. அவங்க போனது நெஞ்சு வலியில தெய்வானை. ஒன் கையில இல்ல.”

தெய்வானை மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடியில் அவள் முகம் கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தால் சிரிப்பு, சரியாக அண்ணன் மாதிரி, தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு. “பாயசத்துல விழுந்துச்சு” என்றாள். “பாயசத்துல” என்றாள் செண்பகவல்லியும், அவளுக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் பட்டுச் சேலைகளுக்கு நடுவே நின்று சிரித்ததைக் கடையே திரும்பிப் பார்த்தது.

“டாக்டருக்கு அக்கா தங்கச்சி இல்லைன்னீங்கள்லா” என்றாள் தெய்வானை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கேட்க வேண்டியது யார், கேட்டது யார்.

“ஒருத்தருமில்ல.”

“அப்பம் ஆவணியில யாரு கெட்டுவா?” மூன்றாவது முடிச்சை இழுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த மாதிரி இருந்தது, செண்பகவல்லியின் தலை பின்னுக்குப் போய் வந்தது. “நான் இல்லாம வேற எவளாவது வந்து பூ முடிச்சு போட்டுட்டுப் போகவா.” விரலால் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள். “இது அவுராது மதினி.”

கடைப்பையன் சேலையை மடித்துக் கீழே பில் போட அனுப்பினான், தேங்காய் வெற்றிலைப் பையில் வைத்துத் தருவதாகச் சொன்னான். தெய்வானை முன்னால் நடந்தாள், கைப்பையைத் தோளில் மாட்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, போகிற வழியில் பிச்சிப்பூ உதிரியா வாங்கணும், நானே கெட்டிக்கிடுதேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். செண்பகவல்லி படியில் இறங்கும்போது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். மூன்றும் இருந்தன, மிளகு மாதிரி, இறுகி. ராத்திரி வீட்டில் இதை எப்படி அவிழ்க்கப் போகிறோம் என்று நினைத்து, சும்மா நகத்தால் ஒன்றை நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.